விரைவுக்கும் ஓர் இடம் உண்டு

தாய் ஒருவர் இப்பகுதிக்கு எழுதியுள்ள மடலின் சுருக்கம் இது: “ஐயா, என் மகனுக்கு வயது 23. படிப்பை முடித்து ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது மோட்டார் சைக்கிள் வாங்கவேண்டும் என்கிறான். அதுவும் வேலைக்குப் போய்வரும் சாதாரண வண்டி அன்று. நாள்தோறும் சாலையில் ஓட்டவும் ஆகவேண்டும், விடுமுறை நாளில் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஓட்டவும் ஆகவேண்டும் என்கிறான். பணம் அவனுடையது, பயம் என்னுடையது. அவன் தந்தை ‘கூடாது’ என்ற ஒரே சொல்லில் பேச்சை முடித்துவிட்டார். மூன்று வாரங்களாக மாலைச் செபத்தில்கூட இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. நான் யார் பக்கம் பேசுவது?”

இது ஒரு வீட்டின் வழக்கு மட்டும் அன்று. ஞாயிறு திருப்பலி வேளையில் கோயில் வளாகத்தில் நிற்கும் வண்டிகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ஒரு காலத்தில் மிதிவண்டிகள் சாய்ந்து நின்ற வேப்பமரத்தடியில் இன்று மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் பல, பெற்றோருக்குப் பெயர்கூடத் தெரியாத வண்டிகள். தெரியாத ஒன்றைப் பற்றி நாம் செய்யக்கூடியவை இரண்டே. ஒன்று, கண்ணை மூடிக்கொண்டு மறுப்பது. மற்றொன்று, கண்ணை மூடிக்கொண்டு இசைவது. இரண்டும் பெற்றோர்க்கு அழகல்ல. ஆகையால், அம்மா, யார் பக்கம் பேசுவது என்பதை முடிவு செய்யுமுன், எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் தெரிந்துகொள்வோம்.

சாலை வேறு, தடம் வேறு

உங்கள் அச்சம் வீணானதன்று. நடுவண் அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கின்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டிகளில் சென்றவர்கள். இவ்வுயிரிழப்புகளுள் பெரும்பகுதிக்கு மிதமிஞ்சிய வேகமே காரணம் என்று அதே அறிக்கை கூறுகிறது. இந்த எண்களுக்குப் பின்னால் எத்தனை தாய்மார்கள் இருக்கிறார்கள் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

திருச்சபையும் இதைக் குறித்து மௌனமாய் இருக்கவில்லை. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், 2290-ஆம் எண்ணில், குடிபோதையினாலோ வேகத்தின்மீது கொண்ட மோகத்தினாலோ சாலையில் தம் உயிரையும் பிறர் உயிரையும் ஆபத்துக்கு உள்ளாக்குவோர் கடுமையான குற்றத்துக்கு ஆளாகிறார்கள் என்று போதிக்கிறது. 2007-ஆம் ஆண்டு சூன் திங்களில் வத்திக்கான் வெளியிட்ட சாலை மேய்ப்புப்பணி வழிகாட்டி, வண்டி ஓட்டுவோர்க்கென்றே பத்துக் கட்டளைகளை வகுத்தது. கொலை செய்யாதிருப்பாயாக என்பதே அவற்றுள்ளும் முதலாவது. வண்டியைத் தன் வலிமையைக் காட்டும் கருவியாகவும் பாவத்துக்கு ஏதுவாகவும் ஆக்கிக்கொள்ளலாகாது என்பது ஐந்தாவது. அரசின் சட்டமும் இதையே தன் மொழியில் சொல்கிறது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவு, பொதுச் சாலையில் இசைவின்றிப் பந்தயம் ஓட்டுவதையும் வேகத்தைச் சோதிப்பதையும் தண்டனைக்குரிய குற்றமாக்கியுள்ளது. 2019-இல் செய்யப்பட்ட திருத்தம் அத்தண்டனையைக் கூட்டியது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். திருச்சபையும் சட்டமும் கண்டிப்பது சாலையில் காட்டும் வேகத்தை. உங்கள் மகன் கேட்பதோ, வேகத்துக்கென்று வேலியிட்டு ஒதுக்கப்பட்ட இடத்தை. இவ்விரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால்தான் தந்தைக்கும் மகனுக்கும் இடையே பேச்சு நின்றுபோயிற்று என்று நினைக்கிறேன்.

நம் தமிழ்நாட்டுக்கு இது புதிதும் அன்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் போடப்பட்ட சோழவரம் விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் வண்டிப் பந்தயங்கள் நடந்ததைப் பெரியவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். 1953-இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம், பின்னர் திருப்பெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஒரு தடத்தை அமைத்தது. 1990-இல் திறக்கப்பட்ட அத்தடத்தின் முழுச்சுற்று 3.717 கிலோமீட்டர். கோவைக்கு அருகே செட்டிப்பாளையத்தில், பந்தய வண்டி அமைப்பாளர் கரிவரதன் பெயரால் அமைந்த தடம் 2003-இல் தொடங்கப்பட்டது. இத்தகைய தடத்தில் எல்லா வண்டிகளும் ஒரே திசையில் செல்லும். எதிரே லாரி வராது; குறுக்கே மாடு வராது; பேருந்தின் பின்னாலிருந்து பள்ளிப் பிள்ளை ஓடிவராது. வளைவில் தவறினால் வழுக்கிச் செல்லத் திறந்த வெளி உண்டு. கொடி காட்டும் பணியாளரும் மருத்துவ ஊர்தியும் ஆயத்தமாய் நிற்பர்.

எனினும் தடம் என்பது ஆபத்தற்ற பூங்கா அன்று. 2023-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5-ஆம் நாள், இதே இருங்காட்டுக்கோட்டையில், தேசியப் பந்தயத்தின்போது 13 வயதுச் சிறுவன் ஒருவன் கீழே விழுந்து உயிரிழந்தான். நாடே கண்கலங்கியது. ஆகவே, தடம் ஆபத்தைப் போக்குகிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது ஆபத்தைக் குறைக்கிறது. பிறருக்கு நேரும் ஆபத்தையோ பெரும்பாலும் நீக்கிவிடுகிறது. இவ்வளவே உண்மை. இந்த உண்மையை ஏற்றுக்கொண்ட பிறகே வண்டியைப் பற்றிப் பேசத் தகும்.

நடுத்தர வண்டி என்பது யாது?

எஞ்சினின் உருளையில் அடங்கும் கொள்ளளவை ‘சி.சி.’ என்று அளக்கிறார்கள். நம் வீடுகளில் பால் வாங்கவும் அலுவலகம் செல்லவும் பயன்படும் வண்டிகள் 100 முதல் 125 சி.சி. வரை உள்ளவை, அவற்றின் ஆற்றல் ஏறத்தாழ 8 முதல் 11 குதிரைத்திறன். மறுகோடியில் 1000 சி.சி. வண்டிகள் உள்ளன; அவற்றுள் சில 200 குதிரைத்திறனையும் எட்டுவன. இரண்டுக்கும் இடையே, 300 முதல் 650 சி.சி. வரையிலானவற்றையே இங்கு நடுத்தர வண்டிகள் என்று கொள்வோம்.

இளைஞர் பலர் மனத்தில் குடிகொண்டிருப்பது 600 சி.சி. நான்கு உருளைப் பந்தய வண்டி. 599 சி.சி. கொண்ட யமஹா ஆர்6 அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஏறத்தாழ 120 குதிரைத்திறன் கொண்ட அவ்வகை வண்டியின் வலிமை, எஞ்சின் மிக வேகமாகச் சுழலும்போதுதான் வெளிப்படும். முதல் கியரிலேயே மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும். கத்திப்பாராவிலோ காந்திபுரத்திலோ அதன் ஆற்றலில் நாலில் ஒரு பங்கைக்கூடப் பயன்படுத்த முடியாது. வெயில் காலத்தில் எஞ்சினின் சூடு தொடையைச் சுடும். முன்னே சாய்ந்த இருக்கை மணிக்கட்டை வருத்தும். தடத்திலோ, புதியவனுக்கு அது ஆசானாய் இராது. அவன் பிழைகளை மூடி மறைக்கும். வளைவை மோசமாகக் கடந்தாலும் நேர்ப்பாதையில் ஆக்சிலேட்டரை முறுக்கி இழந்த நேரத்தை மீட்டுவிடலாம் அன்றோ? சிறிய வண்டியில் அந்த ஏய்ப்பு நடவாது. வளைவில் வேகத்தை இழந்தால் இழந்ததுதான். ஆகவே, சரியான இடத்தில் பிரேக் பிடிக்கவும், சரியான கோட்டில் திரும்பவும், கண்ணை முன்கூட்டியே வளைவின் முடிவுக்குச் செலுத்தவும் அது கட்டாயமாகக் கற்றுக்கொடுக்கும். இக்கல்வி சாலையிலும் உயிர் காக்கும்.

வேகத்தின் கணக்கைத் தந்தையும் மகனும் ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 60 கிலோமீட்டரில் செல்பவன், ஆபத்தைக் கண்டு பிரேக்கைத் தொட ஒரு நொடி எடுத்துக்கொண்டால், அதற்குள் 17 மீட்டர் சென்றிருப்பான். நல்ல சாலையில், நல்ல பிரேக்குடன், வண்டி நிற்க மேலும் ஏறத்தாழ 20 மீட்டர் ஆகும். ஆக மொத்தம் 37 மீட்டர். அவனே 120 கிலோமீட்டரில் சென்றால், முதல் நொடியில் 33 மீட்டர், நிற்பதற்கு மேலும் 80 மீட்டர். மொத்தம் 113 மீட்டர். வேகம் இரு மடங்கானால் பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் நான்கு மடங்காகிறது. இந்தக் கணக்கை எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

எந்த வண்டி?

முதலில் ஒற்றை உருளை வண்டிகள். ஓசூரில் உருவாகும் டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்.ஆர். 310, 2017 டிசம்பரில் 2.05 இலட்சம் ரூபாய் ஷோரூம் விலையில் வெளிவந்தது. 312 சி.சி.; தொடக்கத்தில் 34 குதிரைத்திறன்; 2024-இல் வந்த வடிவத்தில் 38. எடை 170 கிலோவை ஒட்டியது. இவ்வண்டிக்கென்றே தனிப் பந்தயப் பிரிவு நடப்பதால், தடத்தில் இதைக் கையாண்டு பழகிய மெக்கானிக்குகளும் உதிரிப் பொருள்களும் நம் பகுதியிலேயே கிடைப்பது இதன் சிறப்பு. கே.டி.எம். 390 டியூக், 2013-இல் 373 சி.சி. எஞ்சினுடன் வந்து, 2023-இல் 399 சி.சி.யாக வளர்ந்தது, ஆற்றல் ஏறத்தாழ 45 குதிரைத்திறன். இதற்கு முன்னே பிளாஸ்டிக் கவசம் கிடையாது. அகன்ற நேரான ஹேண்டில்பார். விழுந்தால் உடையக்கூடியது குறைவு என்பதும், நகரில் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டலாம் என்பதும் இதன் நன்மைகள். ஒற்றை உருளையின் குறை, நெடுஞ்சாலையில் வெகுநேரம் ஓட்டும்போது கையிலும் காலிலும் உணரும் அதிர்வு.

அடுத்து இரட்டை உருளை வண்டிகள். 321 சி.சி. யமஹா ஆர்3, 296 சி.சி. கவாசாகி நிஞ்சா 300 ஆகியவை அமைதியாக ஓடுவன. புதியவன் கைக்கும் அடங்குவன. 2023 டிசம்பரில் 4.10 இலட்சம் ரூபாய் விலையில் வந்த அப்ரிலியா ஆர்.எஸ். 457, மகாராட்டிரத்தின் பாராமதியில் உருவாகிறது. ஏறத்தாழ 47 குதிரைத்திறனும் 175 கிலோ எடையும் கொண்டது. தடத்துக்கு மிகப் பொருத்தமானதே; பணப்பைக்குத்தான் சற்றுப் பாரம். சென்னைக்கு அருகே உருவாகும் ராயல் என்ஃபீல்டு காண்டினென்டல் ஜி.டி. 650, 2018 நவம்பரில் 2.65 இலட்சம் ரூபாய்க்கு வந்தது. 648 சி.சி., 47 குதிரைத்திறன், எளிதில் கோபம் கொள்ளாத எஞ்சின். 2021 முதல் இதற்கெனத் தனிப் பந்தயத் தொடரும் நடந்துள்ளது. ஆயினும் பெட்ரோலுடன் இதன் எடை 200 கிலோவைத் தாண்டும். இதன் 18 அங்குலச் சக்கரங்களுக்குத் தடத்துக்கேற்ற டயர்கள், மற்ற வண்டிகளின் 17 அங்குலச் சக்கரங்களுக்குக் கிடைப்பதுபோல் பலவகையாகக் கிடைப்பதில்லை. நெடுஞ்சாலைப் பயணமே பெரும்பகுதி, தடம் ஆண்டுக்கு ஓரிரு முறை என்பவருக்கு இது ஏற்றது.

விலையைப் பற்றி ஒரு செய்தி. 2025 செப்டம்பர் 22 முதல், 350 சி.சி. வரையிலான வண்டிகளுக்குச் சரக்கு சேவை வரி நூற்றுக்கு 28-லிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 ஆக உயர்த்தப்பட்டது. ஆகவே 312, 321, 296 சி.சி. வண்டிகள் ஒரு கரையிலும், 399, 457, 648 சி.சி. வண்டிகள் மறு கரையிலும் நிற்கின்றன. மேலே தந்தவை வெளிவந்த காலத்து விலைகளே. வாங்கும் நாளில், பதிவுக் கட்டணமும் சாலை வரியும் காப்பீடும் சேர்த்துச் சாலைக்கு வரும் முழு விலையை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

கோபுரம் கட்டுமுன்

கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து, கட்டி முடிக்கத் தன்னிடம் வசதி உண்டா என்று செலவைக் கணக்கிடமாட்டானா என்று ஆண்டவர் கேட்டது லூக்கா நற்செய்தியின் 14-ஆம் அதிகாரத்தில் உள்ளது. வண்டி வாங்குவோர்க்கு இதைவிடத் தக்க அறிவுரை வேறில்லை. வண்டியின் விலை அடித்தளம் மட்டுமே. கோபுரம் அதற்கு மேல் எழவேண்டும்.

முதலாவது, உடற்காப்பு. முகம் முழுவதும் மூடும் தலைக்கவசம், ஓட்டுபவனின் தலைக்குச் சரியாகப் பொருந்தவேண்டும். 2021 சூன் முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத தலைக்கவசத்தை விற்பதே சட்டவிரோதம். ஒருமுறை பலமாக அடிபட்ட தலைக்கவசத்தின் உள்நுரை நசுங்கிவிடும். வெளியே கீறல் மட்டுமே தெரிந்தாலும் அதை மீண்டும் அணியலாகாது. தடத்துக்கு மேலும் தோலுடை, கையுறை, கணுக்காலை மூடும் காலணி, முதுகுக் காப்பு ஆகியன வேண்டும். இவற்றைத் தரமாக வாங்கினால் 50,000 ரூபாய்க்குக் குறையாது.

இரண்டாவது, தேய்மானம். சாலையில் ஆண்டுக்கணக்கில் வரும் டயர், தடத்தில் சில நாள்களிலேயே தேய்ந்துபோகும். பிரேக் கட்டையும் செயினும் எஞ்சின் எண்ணெயும் அவ்வாறே. தடத்துக்கான நுழைவுக் கட்டணமும் பயிற்சிக் கட்டணமும் தனி.

மூன்றாவது, பலரும் அறியாத ஒன்று. நம் நாட்டு இருசக்கர வண்டிக் காப்பீட்டுப் பத்திரத்தில் ‘பயன்பாட்டு வரம்பு’ என்றொரு பகுதி உண்டு. ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயமும் வேகச் சோதனையும் அதில் விலக்கப்பட்டுள்ளன. பயிற்சி நாளானாலும் அச்சொற்களுக்குள் அடங்கும் என்று கொண்டே கணக்கிடுவது விவேகம். எனவே தடத்தில் விழுந்த வண்டியைச் செப்பனிடும் செலவு கைப்பணத்திலிருந்தே போகவேண்டும். மருத்துவக் காப்பீடு உண்டென்றால், பயிற்சி ஓட்டத்தில் ஏற்படும் காயத்துக்கு அது பொருந்துமா என்று நிறுவனத்திடம் எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் பெறுங்கள்.

இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால் ஓர் எளிய விதி கிடைக்கிறது: கையிலுள்ள பணத்தில் மூன்றில் இரு பங்குக்கு மேல் வண்டிக்குச் செலவிடாதே. எஞ்சிய பங்கு உடற்காப்புக்கும் பயிற்சிக்கும் தேய்மானத்துக்கும் வேண்டும். மாதத் தவணையில் விலையுயர்ந்த வண்டியை வாங்கிவிட்டு, மலிவான தலைக்கவசத்துடன் தடத்தில் இறங்குகிறவன் கோபுரத்தைத் தலைகீழாகக் கட்டுகிறான்.

பணம் போதாதவர்க்குப் பழைய வண்டி நல்ல வழியே. ஆனால் ஆராய்ந்து வாங்கவேண்டும். ஹேண்டில்பாரின் நுனி, பிரேக், கிளட்ச் பிடிகளின் முனை, கால் வைக்கும் கட்டையின் ஓரம், எஞ்சின் மூடி ஆகியவற்றில் தேய்ந்த வடு இருந்தால் வண்டி விழுந்திருக்கிறது. ஹேண்டில்பாரை இருபுறமும் முழுவதும் திருப்பினால் வந்து முட்டும் தடுப்புப் பகுதி நசுங்கியிருந்தால், விழுந்தது பலமான விழுச்சி, அவ்வண்டியை விட்டுவிடுங்கள். முன் ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு, சக்கர விளிம்பில் வளைவு, செயின் சக்கரத்தின் பற்களில் கூர்மை ஆகியவற்றையும் பாருங்கள். எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஆர்.சி.யில் உள்ளவற்றோடு ஒத்திருக்கவேண்டும். உரிமை மாற்றத்துக்கு 29, 30-ஆம் படிவங்களும், முன்பு கடன் இருந்திருந்தால் அது தீர்ந்ததற்கான 35-ஆம் படிவமும் கையொப்பத்துடன் கைக்கு வராமல் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். ஏ.பி.எஸ். எனப்படும் சக்கரப் பூட்டுத் தடுப்பு பிரேக், 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகள் அனைத்துக்கும் 2019 ஏப்ரல் முதல் கட்டாயமாயிற்று. அதற்கு முந்திய வண்டியானால் அது உண்டா என்று கேட்டறியுங்கள்; இல்லையென்றால் வேண்டாம்.

தடத்திலிருந்து வீடு திரும்பும்போது

ஒரே வண்டியை இரண்டு இடத்திலும் ஓட்டுபவன் ஒவ்வொரு முறையும் அதை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு ஆயத்தப்படுத்த வேண்டும். தடத்தில் இறங்குமுன் கண்ணாடிகளைக் கழற்றி, விளக்குகளின்மீது டேப் ஒட்டுவார்கள். விழுந்தால் சில்லுகள் தடத்தில் சிதறாமலிருக்கவே இது. பிரேக் எண்ணெய் காலப்போக்கில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய எண்ணெய் தடத்தின் சூட்டில் கொதித்து, பிடி தளர்ந்து பிரேக் பிடிக்காமற் போகலாம். ஆகவே புதிய எண்ணெய் வேண்டும். ஓட்டத்தில் டயர் சூடேறி உள்ளே காற்றழுத்தம் உயருமாதலால், தடத்தில் அழுத்தத்தைக் குறைத்து வைப்பர். பயிற்றுநர் சொல்லும் அளவே அளவு. மாலையில் வீடு திரும்புமுன் அதை மீண்டும் சாலைக்குரிய அளவுக்கு ஏற்றவும், கண்ணாடிகளைப் பூட்டவும், டேப்பை உரிக்கவும் மறக்கலாகாது.

வண்டியை மாற்றுவது அரைமணி வேலை. மனத்தை மாற்றுவதுதான் கடினம். நாள் முழுவதும் வளைவுகளில் சாய்ந்து திரிந்தவனுக்கு, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டர் நத்தை ஊர்வதுபோல் தோன்றும். உடலும் களைத்திருக்கும். அந்தப் பயணமே அன்றைய நாளின் அபாயமான பகுதி என்று கருதி நடந்துகொள்ள வேண்டும். வண்டியைச் சிறிய சரக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு, தான் நண்பர்களோடு பேருந்தில் வருவது இன்னும் மேல்; இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் வாடகை தாங்கக்கூடியதே.

அம்மா, இப்போது உங்கள் வினாவுக்கு வருகிறேன். நீங்கள் மகன் பக்கமும் பேசவேண்டாம், கணவர் பக்கமும் பேசவேண்டாம். இருவரையும் ஒரே மேசையில் உட்காரவையுங்கள். தந்தையிடம் சொல்லுங்கள்: மறுக்கப்பட்ட ஆசை மறைந்துபோவதில்லை, அது நண்பனின் வண்டியில் ஏறி, நள்ளிரவில் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போய்விடும். அங்கே கொடி காட்டுவோரும் இல்லை, மருத்துவ ஊர்தியும் இல்லை. எதிரே குடும்பத்தோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

மகனிடம் நான் சொல்வது இது: தம்பி, 300 முதல் 400 சி.சி. வரையிலான ஒற்றை உருளை வண்டி ஒன்றைத் தேர்ந்துகொள்; புதியதோ, நன்கு ஆராய்ந்த பழையதோ, இரண்டும் சரியே. கடனில்லாமல் வாங்கு. அதன் முழுத் திறனையும் கைக்கொள்ள உனக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். அதற்குப் பிறகும் போதவில்லை என்று தோன்றினால், அப்போது பெரிய வண்டியைப் பற்றி உன் தந்தையோடு பேசலாம். தடத்தில் முதல் நாளே நண்பர்களோடு போட்டியிடாதே. முறையான பயிற்சிப் பள்ளி நடக்கும் நாளில், பயிற்றுநரின் கண்முன் இறங்கு. இன்னொன்றும் கேள். நீ வாங்கும் வண்டியின் பின்னிருக்கையில் உன் அன்னை உட்கார்ந்து ஞாயிறு திருப்பலிக்கு வர முடியுமா? பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும், சேலை சக்கரத்தில் சிக்காதிருக்கத் தடுப்பும் உண்டா? இவற்றை மத்திய மோட்டார் வாகன விதிகளே கேட்கின்றன. அழகுக்காகக் கழற்றி எறியாதே. அன்னையை ஏற்றிக்கொண்டு எப்படி ஓட்டுவாயோ, அப்படியே சாலையில் எந்நாளும் ஓட்டு.

குடும்பமாக மூன்று உடன்பாடுகள் செய்துகொள்ளுங்கள். சாலையில் வேக வரம்பை மீறினான் என்று தெரிந்தால், ஆறு மாதங்கள் தடம் கிடையாது. உடற்காப்பு முழுமையாக வாங்கப்படும்வரை வண்டி வீட்டுக்கு வராது. தந்தை ஒருமுறையேனும் மகனோடு தடத்துக்குச் சென்று, அவன் ஓட்டுவதை வேலிக்கு வெளியே நின்று பார்க்கவேண்டும். மூன்றாவதே முக்கியமானது. பாராமல் அஞ்சும் தந்தையைவிடப் பார்த்து அறிவுரை கூறும் தந்தைக்கு மகன் செவிசாய்ப்பான்.

வண்டி வந்ததும் பங்குத்தந்தையிடம் கொண்டுசென்று மந்திரிக்கச் சொல்வது நம் வழக்கம், நல்ல வழக்கம். 1947-இல் திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர், இத்தாலி நாட்டில் காஸ்தெல்லாட்சோ போர்மிதா என்னும் சிற்றூர்த் திருத்தலத்து அன்னையை மோட்டார் சைக்கிள் ஓட்டுவோரின் பாதுகாவலியாக அறிவித்தார். ஆண்டுதோறும் சூலைத் திங்களில் ஆயிரக்கணக்கானோர் தங்கள் வண்டிகளோடு அங்கே கூடுகிறார்கள். ஆக, இவ்வண்டிகளை அன்னை அறியாதவர் அல்லர். ஆனால், தீர்த்தம் தெளித்த வண்டிக்கும் டயர் தேயும். செபித்துவிட்டுப் புறப்பட்டவனுக்கும் நிற்பதற்கு 113 மீட்டர் வேண்டும். இறைவனின் அருள் நம் விவேகத்துக்குத் துணையாக வருவது. அதற்குப் பதிலாக வருவதன்று. ஆகையால் தீர்த்தம் தெளிக்கும் நாளில் தலைக்கவசத்தையும் கையுறையையும் வண்டியோடு கொண்டுசெல்லுங்கள். அவற்றின்மீதும் இரண்டு துளி விழட்டும்.